தலைவர் இல்லாத கூட்டத்தில் இருந்திருக்கிறீர்களா? பார்த்ததைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். 2011-இல் நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்தேன். பெரிய வங்கிகளும் பங்குச் சந்தையும் இருக்கும் வால் ஸ்ட்ரீட் பக்கத்தில் ஸுக்கோட்டி பூங்காவில், பணக்காரர்-ஏழை ஏற்றத்தாழ்வை எதிர்த்து ‘ஆக்குப்பை வால் ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் செப்டம்பர் 17 முதல் ஆட்கள் தங்கிப் போராடிக்கொண்டிருந்தார்கள். நண்பர் ஒருவர் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே ஒலிபெருக்கி வைக்க அனுமதி இல்லை. அதனால் பேசுபவர் நாலைந்து சொல் சொல்லி நிறுத்துவார். சுற்றி நிற்பவர்கள் அதையே சேர்ந்து கத்துவார்கள், பின்வரிசை இன்னொரு முறை கத்தும். இதில் எந்தப் பேச்சாளரின் அடுக்குமொழியும் எடுபடாது. எதிர்க்கருத்து உள்ளவரும் பேச்சாளர் சொன்னதைத் தன் வாயால் சொல்லியாக வேண்டும், அதுதான் வேடிக்கை! விரல்களை மேலே தூக்கி ஆட்டினால் சம்மதம், கீழே தொங்கவிட்டு ஆட்டினால் பிடிக்கவில்லை, மார்புக்குக் குறுக்கே இரு கையையும் வைத்தால் தடை.

போராட்டக்காரர்கள் அடிக்கும் மேளச் சத்தத்தை எப்போது நிறுத்துவது என்று ஒரு பேச்சு வந்தது. இழுத்துக்கொண்டே போனது, பாதியில் கிளம்பிவிட்டேன். ஆனால் நூலகம், மருத்துவ உதவி, துப்புரவு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குழு இருந்தது. யாரும் உத்தரவு போடாமலே வேலை நடந்தது. நவம்பர் 15 விடியுமுன் போலீஸ் வந்து எல்லாவற்றையும் காலி செய்தது.

*

உத்தரவு போட ஆள் இல்லை என்பதை நான் அப்படியே நம்ப மாட்டேன். எங்கள் நிவாரணக் குழுவும் ‘எல்லோரும் சமம், பதவியே வேண்டாம்’ என்றுதான் தொடங்கியது. கிடங்குச் சாவி ஒருவரிடம். வாட்ஸ்அப் அட்மின் அவருடைய நண்பர். இருவரும் போனில் பேசி முடித்த பிறகுதான் குழுவில் ‘என்ன சொல்கிறீர்கள்?’ என்று கேள்வியே வரும். பதவியே இல்லாதவரை எப்படிப் பதவியிலிருந்து இறக்குவது?

அமெரிக்கப் பெண்கள் இயக்கத்தில் இருந்த ஜோ ஃப்ரீமன் 1970-லேயே இதைப் பேசிவிட்டார். விதியை வெளிப்படையாக வைக்காத குழுவில் நட்பு வட்டம்தான் ஆளும், அதைத் தட்டிக் கேட்கவும் வழி இருக்காது என்பது அவர் வாதம். பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள், ஆளை மாற்றுங்கள், தகவல் எல்லோருக்கும் போகட்டும் என்றார். நாங்கள் சாவியை மட்டும் வாரம் ஒருவர் என்று சுற்றுக்கு விட்டோம். அதுவரை வாய் திறக்காதவர்கள் எல்லாம் குழுவில் கணக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்.

*

சாவி சொன்னீர்களே, சரியான இடம். நான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகிறவன், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு அது. 1935-இல் தொடங்கியது, இன்றும் உலகமெங்கும் ஓடுகிறது. பொறுப்பில் இருப்பவர் நம்பிக்கைக்குரிய பணியாளர், ஆள்பவர் அல்ல என்று 1950-இல் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். வெளியார் நன்கொடையும் வாங்குவதில்லை. பணம் கொடுத்தவர் பேச்சு எடுபடும் என்ற தொல்லை அதோடு தீர்ந்தது.

முதல் தடவை போனபோது ‘இங்கே பொறுப்பு யார்?’ என்று கேட்டேன். நாற்காலி மடித்துக்கொண்டிருந்தவரைக் காட்டி, ‘இப்போதைக்கு அவர்’ என்றார்கள். அவருக்கு முன்னால் கூட்டம் நடத்தியவர் பக்கத்திலேயே தரை பெருக்கிக்கொண்டிருந்தார்.

சண்டை வராதா? வரும். எங்கள் குழுவிலும் வந்தது. கோபித்துக்கொண்டு போனவர்கள் இரண்டு தெரு தள்ளி வேறு கிழமையில் கூட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நான் இப்போது இரண்டுக்கும் போகிறேன்.