ஸ்கபோல்டிங்குக்கு ஒரு சொல்

மடல் 1: குறிப்பு எழுதுபவர், கோண்டாவில்

எல்லோருக்கும் வணக்கம்.

முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா வகுப்புக்குக் கற்றல், விருத்திக் கொள்கைகள் பற்றிய குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். பெரும்பாலான சொற்களுக்குக் கவலை இல்லை. தன்மயமாக்கல் (புதியதைத் தெரிந்ததோடு பொருத்திக்கொள்வது), மீளவலியுறுத்தல் (சரியாய்ச் செய்ததற்குப் பரிசு கொடுத்துத் திரும்பச் செய்யவைப்பது), அண்மை விருத்தி வலயம் (தனியே இயலாமல் உதவியோடு மட்டும் பிள்ளை செய்யக்கூடியவை) எல்லாம் ஏற்கெனவே பழகியவை. ஸ்கபோல்டிங்கில்தான் (scaffolding: பிள்ளை தனியே முடிக்க இயலாத வேலையில் ஆசிரியர் தற்காலிகமாய்க் கொடுக்கிற உதவி) நிற்கிறேன்.

ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள் கட்டிடம் கட்டும்போது ஏறி நிற்கக் கட்டுகிற சாரம், அதனால் ‘சாரம்’ என்று போடலாம். ஆனால் ‘ஆசிரியர் பிள்ளைக்குச் சாரம் கட்டிவிடுகிறார்’ என்று யாழ்ப்பாணத்து வகுப்பில் வாசித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே சாரம் இடுப்பில் உடுப்பது. உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கோ.

மடல் 2: மொழிபெயர்ப்பாளர், மானிப்பாய்

‘சாரக்கட்டு’ என்று முழுதாய் எழுதுங்கோ, சிரிப்பு நின்றுவிடும். தமிழ்நாட்டு வாசகருக்கும் விளங்கும். பௌதிகவியல் – இயற்பியல், இரசாயனவியல் – வேதியியல் என்று இரண்டு கரையிலும் இரண்டு சொல் வைத்திருப்பது போதும், இன்னொன்று தேவையில்லை.

எங்கள் ஊரில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த கிறீன் வைத்தியர் (1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர்) முதலில் வழக்கில் உள்ள தமிழ்ச்சொல்லைத் தேடினார். அது இல்லாவிட்டால் வடமொழி, அதுவும் சரிவராவிட்டால் ஆங்கிலத்தின் ஒலிபெயர்ப்பு. வழக்கில் ஒரு சொல் இருக்கும்போது புதிது கட்டுவது வீண்வேலை.

மடல் 3: ஓய்வுபெற்ற கல்வி விரிவுரையாளர், நல்லூர்

> வழக்கில் ஒரு சொல் இருக்கும்போது புதிது கட்டுவது வீண்வேலை.

ஐயா, வழக்கில் இருக்கிறது கட்டிடம் கட்டுகிற மேசனின் சொல். அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் எதைக் கொண்டுவருகிறது, எதை வெளியில் விடுகிறது என்று பார்க்கவேண்டும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பலருடைய குறிப்புகளில் ஸ்கபோல்டிங் என்ற சொல் ருஷ்ய உளவியலாளர் வைகொட்ஸ்கியின் பெயரில் கிடக்கிறது. அவர் 1934இல் காலமாகிவிட்டார். கல்வியுலகில் இதை நிலைநிறுத்தியது டேவிட் வூட், ஜெரோம் புரூனர், கெயில் ரொஸ் மூவரும் 1976இல் எழுதிய கட்டுரை. வைகொட்ஸ்கியின் அண்மை விருத்தி வலயத்தோடு அதைச் சேர்த்துக் கட்டிப் படிப்பிக்கிற வழக்கம் அதற்குப் பிறகு வந்தது. இரண்டும் நன்றாய்ப் பொருந்தும், அது வேறு கதை.

அந்தக் கட்டுரையில் என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் சொல் தானாய் வரும். மூன்று, நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேர். 21 மரக்கட்டைகள். முளையும் துளையும் பொருந்தினால் ஒரு கூம்பகம் எழும்பும். தனியே விட்டால் இந்த வயதில் கட்டி முடிப்பது கஷ்டம். பக்கத்தில் இருந்த ஆசிரியைக்கு ஒரு விதி: பிள்ளை தானே செய்யக்கூடியதைத் தானே செய்யவிடு; வேண்டுமென்றால் முதலில் வாயால் சொல்; அதுவும் போதாவிட்டால்தான் செய்து காட்டு.

நடந்தது என்ன? மூன்று வயதுக்காரர் சொல்வதைப் பெரிதாய்க் காதில் வாங்கவில்லை. அவர்களைக் கட்டைப் பக்கம் இழுத்து வைத்திருப்பதும் செய்து காட்டுவதுமே ஆசிரியையின் வேலை. நாலு வயதில் வாய்ச்சொல் போதுமாயிருந்தது: ‘இது சரியா? திரும்பப் பார்’. ஐந்து வயதுப் பிள்ளை ஆசிரியையைப் பார்த்தது பெரும்பாலும் ‘சரிதானே’ என்று உறுதிப்படுத்தத்தான். ஒரே வேலை, ஒரே ஆசிரியை. உதவி மட்டும் வயதோடு மெலிந்துகொண்டு போகிறது. ஒரே பிள்ளைக்குள்ளும் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் வூட் சொன்ன ஒழுங்கு. பிள்ளை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டு, வென்றால் ஒரு படி குறை.

ஆகவே கருத்தின் உயிர் கொடுப்பதில் பாதி, குறைப்பதில் பாதி. சாரக்கட்டு என்ற சொல்லில் கொடுப்பது தெரிகிறது, குறைப்பது தெரியவில்லை. கழற்றத்தான் கட்டுகிறார்கள் என்பது மேசனுக்குத் தெரியும், வகுப்பில் இருக்கிற இருபது வயதுப் பிள்ளைக்கு நாங்கள் விளக்கவேண்டும். அதோடு கட்டிடம் முடிந்த பிறகு ஒரேயடியாய்க் கழற்றுகிறார்கள். இங்கே வேலை நடக்கும்போதே கழற்றிக்கொண்டு வரவேண்டும்.

சொல்லைப் பற்றி இவ்வளவு கறாராய் நிற்பதற்குக் காரணம் எங்கள் நேசறிகள், அதாவது முன்பள்ளிகள். ‘அ’ எழுதப் புள்ளி போட்டுக் கொடுக்கிறோம், நல்லது. வருஷம் முடியும் மட்டும் புள்ளி போகாது. ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறோம். அது சடங்கு, ஒரு நாளோடு முடியும். நேசறியில் பிடித்த கை முடிகிறதாய் இல்லை. கண்காட்சி வந்தால் ரீச்சரே வெட்டி ரீச்சரே ஒட்டி, மூலையில் பிள்ளையின் பெயரை எழுதுகிறார். இதையெல்லாம் ‘வைகொட்ஸ்கி முறை’ என்று பாட அறிக்கையில் எழுதியும் வைக்கலாம், சாரக்கட்டு என்ற சொல் தடுக்காது.

மற்றக் கொள்கைகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டவும் அந்தக் குறைதல்தான் வேண்டும். பிள்ளையின் சிந்தனை பருவம் பருவமாய் வளரும் என்ற பியாஜேயை மேலோட்டமாய்ப் படித்தவர் பொருட்களைப் பரப்பி வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். ஒடுக்கமான கிளாசுக்கு மாற்றிய தண்ணீர் கூடிவிட்டது என்று நாலு வயதுப் பிள்ளை சொன்னால், பருவம் வரட்டும் என்று இருப்பார். மீளவலியுறுத்தலைச் சொன்ன ஸ்கின்னரைப் படித்தவர் சரியாய்ச் செய்ததும் நட்சத்திரம் ஒட்டுவார். முதலாமவரிடம் கை கொடுத்தலே குறைவு. இரண்டாமவர் செய்து முடிந்த பிறகு வருகிறார். மூன்றாவது ஆள், அதாவது ஸ்கபோல்டிங் செய்கிற ஆசிரியர், பிள்ளை செய்யும்போதே பக்கத்தில் இருக்கிறார், ஆனால் எழும்பிப் போகிற எண்ணத்தோடு இருக்கிறார். அந்த எண்ணத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

என் முன்மொழிவு: விலகுதுணை.

வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு மாதிரி காலம் காட்டாது. விலகிய துணை, விலகுகின்ற துணை, விலகும் துணை மூன்றும் அதற்குள் அடங்கும். படிப்படியாய் நடக்கிற ஒன்றுக்கு இதைவிடத் தோதான இலக்கணம் கிடைக்காது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, தயவுசெய்து யாரும் ‘விலகுத்துணை’ என்று எழுதிப்போடாதேயுங்கோ. ‘விலக்குதுணை’ என்றால் விலக்குவது ஆசிரியர் என்பது துலங்கும்தான். ஆனால் விலக்கு என்றதும் தடை, விதிவிலக்கு என்று மனம் வேறெங்கோ போகும்.

‘கைத்தாங்கல்’ பற்றியும் யோசித்தேன். நல்ல சொல், ஆனால் நோயாளியையும் கிழவரையும் கூட்டிக்கொண்டு போகிற சொல். பிள்ளை நோயாளி இல்லை.

போகிறபோக்கில் ஒன்று: ‘அண்மை விருத்தி வலயம்’ என்பதிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ருஷ்ய மூலத்தில் உள்ள சொல்லுக்கு ‘மிக அருகிலுள்ள’ என்றும் ‘அடுத்து வரப்போகிற’ என்றும் பொருள் உண்டு. அண்மை என்பது தூரத்தைச் சொல்கிறது; நாளைக்கு வரப்போவதைச் சொல்லவில்லை. ‘அடுத்த விருத்தி வலயம்’ என்றிருந்தால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டிருக்கும். ஊறிப்போன சொல்லை இனி அசைக்கேலாது, விடுவோம்.

மடல் 4: முன்பள்ளி ஆசிரியை, சாவகச்சேரி

சேர், வாசித்தேன். புள்ளி எழுத்துக் கதை எங்களுக்குத்தான் விழுந்தது, விளங்குது. ஆனால் கண்காட்சிக்கு வடிவாய் இல்லாவிட்டால் தாய்மார் வந்து கேட்பதும் எங்களைத்தான். ஐந்து வயதில் முதலாம் வகுப்புக்குப் போகமுன் வாசிக்க எழுதத் தெரியவேண்டும் என்று நிற்கிற பெற்றோருக்கு இந்தக் கொள்கை எதுவும் தெரியாது.

சொல் எனக்குப் பிடித்திருக்கு. ஒரு சந்தேகம்: பெற்றோர் கூட்டத்தில் ‘ரீச்சர் விலகுவா’ என்று சொன்னால், பிள்ளையைப் பார்க்காமல் விட்டுவிடுவா என்றல்லோ எடுப்பினம்? நாங்கள் வகுப்பில் ‘கையை எடுத்துப் பாருங்கோ’ என்றுதான் எங்களுக்குள் கதைக்கிறது. மற்றது, வினையாய் எப்படிச் சொல்வது?

மடல் 5: மொழிபெயர்ப்பாளர், மானிப்பாய்

வினைக்கு ‘விலகுதுணை கொடுத்தல்’ போதும். குறைக்கிற பக்கத்துக்குத் தனிச்சொல் வேண்டுமென்றால் ‘துணைகுறைத்தல்’. பெற்றோர் சந்தேகத்துக்கு மருந்து ‘துணை’ என்ற பாதியில் இருக்கிறது. விலகுவது துணையாக இருந்தவர்தான், விட்டுவிட்டுப் போனவர் இல்லை.

தமிழ்நாட்டு வாசகரை மறந்துவிடவேண்டாம் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. சொல்லடைவில் சாரக்கட்டும் இருக்கட்டும். அந்த நிபந்தனையோடு சம்மதம்.

மடல் 6: குறிப்பு எழுதுபவர், கோண்டாவில்

நன்றி. குறிப்பில் இப்படிப் போகிறது:

‘விலகுதுணை: பிள்ளை தனியே முடிக்க இயலாத வேலையை முடிப்பதற்கு, வேண்டிய அளவு மட்டும் கொடுத்து, பிள்ளை தேறத் தேறக் குறைத்துக்கொண்டு போகும் உதவி. சாரக்கட்டு என்றும் வழங்கும்.’

உதாரணமாக அந்த 21 கட்டைகளையும், பக்கத்திலேயே புள்ளி எழுத்தையும் வைக்கிறேன்: முதலில் முழுப் புள்ளி, பிறகு தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு புள்ளி, பிறகு வெறும் கோடு. ஆசிரியை அக்கா, எந்தக் கட்டத்தில் புள்ளியைக் குறைத்தால் பிள்ளைகள் அழாமல் எழுதுகிறார்கள் என்று நீங்கள்தான் எழுதித் தரவேண்டும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

‘மீளவலியுறுத்தல்’ வாயில் நுழையவில்லை என்று வகுப்பில் முறைப்பாடு இருக்கிறது. அதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.