மனைவியை இழந்த ஆணுக்குத் தமிழில் என்ன பெயர்?

தட்டச்சுக்காரி:
வணக்கம். தாலுகா ஆபீஸ் பக்கம் மனு டைப் அடித்துத் தரும் கடை வைத்திருக்கிறேன், 16 வருடமாக. போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் விண்ணப்பத்தோடு வந்தார். திருமண நிலை என்ற இடத்தில் மூன்றே கட்டம்: மணமானவர், மணமாகாதவர், விதவை. "அவ போயி நாலு மாசமாச்சும்மா, இதுல நான் எது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. விதவைச் சான்றுக்கு எத்தனையோ மனு அடித்திருக்கிறேன். கைம்பெண், அமங்கலி, அறுதலி, தாலியறுத்தவள் என்று அரசாணை முதல் தெருச்சண்டை வரை அவளுக்கு இத்தனை பெயர். இவருக்கு ஒன்றுகூடவா இல்லை?

பழைய வாத்தியார்:
இருக்கிறது அம்மா. தபுதாரன். தொல்காப்பியப் புறத்திணையியலில், மனைவியை இழந்தவன் நிலை தபுதார நிலை. கணவனை இழந்தவள் நிலை தாபத நிலை. தபுதல் என்றால் சாதல், தாரம் மனைவி. தாபதம் என்பதோ தவம், நோன்பு. அவனுக்கு நடந்ததைப் பெயராக வைத்தார்கள். அவளுக்கு, இனிமேல் அவள் செய்யவேண்டியதை! புறநானூற்றில் 245, 246 இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். முதலாவதில் சேரன் மாக்கோதை, மனைவியைச் சிதையில் ஏற்றிவிட்டு, நான் இன்னும் வாழ்கிறேனே என்று நொந்துகொள்கிறான். அடுத்ததில் பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு, தடுக்க வந்த சான்றோரை ஏசிவிட்டுத் தீயில் இறங்கப் போகிறாள். நெய்படாத சோறு, வேளைக்கீரை, பாயில்லாமல் பருக்கைக்கல்லில் படுக்கை, இதற்கு நெருப்பே மேல் என்பது அவள் கட்சி. சேரனுக்கு யாரும் அப்படிப் பத்தியம் வைத்ததாகப் பாட்டு இல்லை. ஆணை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கவில்லை, அதனால் அவன் பெயர் புழக்கத்தில் நிற்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

மறுப்பாளன்:
சொல்லைப் பிடித்துத் தொங்கி என்ன ஆகப்போகிறது? வங்காளியில் "அவன்", "அவள்" இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதற்காக அங்கே விதவைகளைக் காசிக்கும் பிருந்தாவனத்துக்கும் அனுப்பாமலா இருந்தார்கள்?

தட்டச்சுக்காரி:
ஐயா, ரொம்ப நன்றி. மறுப்பாளன் சொல்வதும் சரிதான், இலக்கணத்தின் மேல் எனக்கு வழக்கு ஒன்றுமில்லை. "விதவை"யில் ஒரு பொட்டுகூட இல்லை, "கைம்பெண்"ணில் ரெண்டு பொட்டு இருக்கிறது என்று கலைஞர் பேரைச் சொல்லி மேடையில் பேசுவார்களே, அதை எங்கள் அத்தையிடம் ஒருமுறை சொன்னேன். "எழுத்துக்கு வெச்சாச்சு, சரி. உங்க அண்ணன் கல்யாணத்துல தாலித்தட்டு வரிசையா வந்து என்னை மட்டும் தாண்டிப் போச்சே" என்றார். அந்தத் தட்டை ஏந்திப் போனது நான்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கால் தானாக நகர்ந்துவிட்டது.

அப்புறம், பெரியவர் இன்று வந்தார். "தபுதாரன்" என்று பெரிய எழுத்தில் அடித்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "என்னம்மா இது, மாத்திரை பேரு மாதிரி இருக்கு?"

கடைசியில் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டு, ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: மனைவி காலமாகிவிட்டார்.