தனுஷ்கோடி வெயிலில் ஐஎஸ்ஓ 50 ஃபிலிம்

கேள்வி: தனுஷ்கோடி உச்சி வெயிலில் இல்ஃபோர்டு பான் எஃப் பிளஸ் 50 கறுப்பு-வெள்ளை ஃபிலிம் போட்டுப் படம் எடுத்தேன். மணல் வெளுத்துவிட்டது, இடிந்த தேவாலயத்தின் நிழல்பக்கம் முழுக்கக் கறுப்பு. வீட்டில்தான் கழுவுகிறேன், கான்ட்ராஸ்டை, அதாவது வெளுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள இடைவெளியை, எப்படிக் குறைப்பது?

பதில் 1: அண்ணே, வெளிச்சம் அளக்கும் மீட்டரில் ஐஎஸ்ஓவை (ஃபிலிமின் வேகம்) 50க்குப் பதில் 25 வைத்து எடுங்கள், ஃபிலிமில் கூடுதல் வெளிச்சம் விழும்; டெவலப் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள். நிழலில் விவரம் வேண்டுமென்றால் எடுக்கும்போதே வெளிச்சம் கொடுக்க வேண்டும், வெளுப்பு எவ்வளவு ஏறும் என்பது ஃபிலிம் டெவலப்பரில் (படத்தை வரவைக்கும் ரசாயனம்) கிடக்கும் நேரத்தைப் பொறுத்தது. டெவலப் செய்யும்போது குலுக்கலும் மெதுவாக இருக்கட்டும்.

பதில் 2: நம்ம பக்கம் குழாய்த் தண்ணீரே 30 டிகிரி இருக்கும், அப்படியே கழுவினால் கான்ட்ராஸ்ட் ஏறத்தான் செய்யும். ஐஸ் வாளியில் வைத்து டெவலப்பரை 20க்குக் கொண்டுவாருங்கள். கலக்கவும் கடைசி அலசலுக்கும் டிஸ்டில்டு வாட்டர், உப்புத் தண்ணீர் கறை விடும். அப்புறம், எடுத்த ரோலை மாதக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள், இந்த ஃபிலிமில் பதிந்தது மங்கிவிடும்.

கேட்டவர்: சரி, தண்ணீர் சூட்டை நான் பார்க்கவே இல்லை. பாம்பனில் அடுத்த ரோல் 25இல்.