ஆய்வுகூடக் கணினிகளில் மாதந்தோறும் முறியும் டொமைன் இணைப்பு

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தைப் பராமரித்து வருகிறேன். விண்டோஸ் 10 நிறுவிய 40 கணினிகளும் விண்டோஸ் சேர்வர் 2019 இல் இயங்கும் ஆக்டிவ் டைரக்டரியில் (பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் சேவை; அது நிர்வகிக்கும் குழுமமே டொமைன்) இணைந்துள்ளன. மாணவர் கணக்குகள் அனைத்தும் அங்கேயே உள்ளன.

ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு முறை, பத்துப் பன்னிரண்டு கணினிகளில், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும், டொமைனுடனான நம்பிக்கை உறவு முறிந்துவிட்டதாகக் கூறும் செய்தியே திரையில் தோன்றுகிறது. வலையமைப்பு வயரைக் கழற்றிவிட்டால், அதே கணினியில் முன்பு உள்நுழைந்த மாணவர் தடையின்றி நுழைந்துவிடுகிறார். கடந்த வாரம் செய்முறைப் பரீட்சையையே இப்படித்தான் ஒப்பேற்றினோம்.

மின்தடையால் நேரம் பிசகியிருக்கலாம் என்று எண்ணி, தாய்ப்பலகை மின்கலங்களை மாற்றினேன். உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பெரோஸ் நெறிமுறை அனுமதிக்கும் 5 நிமிட நேர வித்தியாசத்தை எந்தக் கணினியும் தாண்டவில்லை. பெயரைக் கொண்டு சேவையகத்தைக் கண்டறியும் டிஎன்எஸ் அமைப்பும் சரியாகவே உள்ளது. டொமைனிலிருந்து நீக்கி மீண்டும் சேர்த்தால் ஒரு மாதம் ஒழுங்காக இயங்கி, மறுபடியும் அதே கதைதான். சேவையகப் பதிவேட்டில் கணினியின் அடையாளத்தைச் சரிபார்க்க முடியவில்லை எனக் காட்டும் நெட்லொகன் 5722 பிழை பதிவாகியுள்ளது.

எல்லாக் கணினிகளிலும், மறுதொடக்கத்தின்போது வன்தட்டைப் பழைய நிலைக்கு மீட்கும் மென்பொருள் உண்டு. டொமைனில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள கணக்கின் கடவுச்சொல் 30 நாட்களுக்கு ஒரு முறை தானாக மாறுவதால், மீட்கப்பட்ட கணினியிடம் பழைய கடவுச்சொல்லே எஞ்சுகிறது என்பது என் ஊகம்.

பாதுகாப்பைக் குறைக்காமல் இதைத் தீர்க்க, அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழி உண்டா?