வால் தூக்கினால் வரவேற்பா, வசூலா?

பஞ்சுமூட்டை:
ஒரு காணொளியில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: "பூனை யாரையும் வரவேற்காது. வாலைத் தூக்கிக்கொண்டு வந்தால் பசி, அவ்வளவுதான்." கேட்டதும் எரிச்சலாகிவிட்டது. கதவைத் திறந்ததும் வால் கொடிக்கம்பம் மாதிரி நிமிர, நுனி மட்டும் லேசாக வளைய, வந்து காலில் உரசும் பூனையை அவர் பார்த்ததே இல்லையா?

கறார்:
அவர் சொன்னதில் என்ன தப்பு? வெளியே போய்விட்டு வருகிற ஆள்தான் சாப்பாடு போடுகிற ஆள். கிண்ணம் நிறைந்திருக்கும்போது எத்தனை பூனை எழுந்து வருகிறது? நானும் பூனை வளர்ப்பவன்தான். கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு வளர்க்கிறேன்.

சாம்பல்மீசை:
வந்துவிட்டார் கறார். பூனையைக் குளிப்பாட்டலாமா என்ற விவாதத்தில் பட்டது போதவில்லை போல. சரி, 1997-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சார்லட் கேமரூன்-போமாண்ட் தன் முனைவர் ஆய்வுக்காகப் பூனையின் நிழலுருவங்களை வெட்டி, வீட்டுப் பூனைகளுக்குக் காட்டினார். வால் தூக்கிய உருவத்தைக் கண்ட பூனைகள் தங்கள் வாலையும் தூக்கிக்கொண்டு நெருங்கின. வால் தாழ்ந்த உருவத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. நிழல் பூனை யாருக்கும் சோறு போடாது, கறார். கிண்ணமே இல்லாத இடத்தில் வால் ஏன் எழுந்தது?

கறார்:
நிழலுக்கும் உயிருள்ள பூனைக்கும் வித்தியாசம் தெரியாத பிராணி, உங்களை மட்டும் நேசித்து வரவேற்கிறதாக்கும்! அதுவும் பூனைக்குப் பூனை காட்டியது. நான் கேட்டது மனிதனிடம் காட்டுவதை. கிண்ணம் நிறைந்திருக்கும்போது வால் எழுகிறதா? பதில் இன்னும் வரவில்லை.

மணிச்சத்தம்:
நடுவில் ஒரு சந்தேகம். என் பூனை வாலைத் தூக்கி, அதை நடுங்கவிட்டபடி நிற்கிறது. கோபமா?

சாம்பல்மீசை:
பின்னால் இருக்கும் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் சிறுநீர் தெளித்து இடம் பிடிக்கிறது. காய்ந்திருந்தால் உங்களைக் கண்ட பரபரப்பு. கோபமென்றால் வால் பக்கவாட்டில் விசுக் விசுக்கென்று அடிக்கும், காது பின்னால் மடங்கும்.

கறாருக்கு: எழுகிறது. வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்திருந்த பூனைகூட எழுந்து வந்து, வால் தூக்கி, கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. கிண்ணத்தின் பக்கம் திரும்புவதே இல்லை. கன்னத்திலும் தாடையிலும் வாலடியிலும் மணச் சுரப்பிகள் இருக்கின்றன. வேற்று வாசனையோடு வீடு திரும்புகிறவர்மேல் தன் வாசனையைப் பூசுகிறது. ஒன்றாகப் பழகும் பூனைகள் தங்களுக்குள்ளும் இதைத்தான் செய்கின்றன.

கறார்:
மேஜைக் காலிலும்தான் பூசுகிறது. மேஜையையும் வரவேற்கிறதா?

பஞ்சுமூட்டை:
மேஜையைப் பார்த்து மியாவ் என்கிறதா? வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்பதே அபூர்வம். அந்தக் குரல் பெரும்பாலும் மனிதர்களுக்குத்தான்.

கறார்:
எதற்காம்? சோற்றுக்குத்தான். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் குழு 2009-இல் காட்டிவிட்டது. தீனி கேட்கும்போது பூனை தன் குர்ர்ர் ஒலிக்குள் அழுகை போன்ற உயர்ந்த சுருதி ஒன்றைச் சேர்க்கிறது. பூனை வளர்க்காதவர்களுக்கும் அது அவசரமாகக் கேட்டதாம். பசிக்காகக் குரலையே மாற்றும் பிராணிக்கு வாலைத் தூக்க எவ்வளவு நேரமாகும்?

சாம்பல்மீசை:
தீனி கேட்காத நேரத்துக் குர்ர்ரோடு ஒப்பிட்டதால்தானே அந்த வித்தியாசம் தெரிந்தது? பாதியைப் படித்துவிட்டு மேற்கோள் காட்டுவது உங்கள் பழைய வழக்கம். அதே மெக்கோம்ப் பங்கெடுத்த 2020 ஆய்வையும் படியுங்கள். கண்ணைச் சுருக்கி மெல்லச் சிமிட்டினால் பூனையும் பதிலுக்குச் சிமிட்டுகிறது. சிமிட்டிவிட்டுக் கை நீட்டுகிற அந்நியரிடம், முகத்தில் ஒன்றும் காட்டாதவரைவிட அதிகம் நெருங்குகிறது. அந்நியரிடம்! அவர் எந்தக் கிண்ணத்தை நிரப்பினார்?

கறார்:
பேச்சு வாலைப் பற்றி. கண்ணுக்கு ஏன் ஓடுகிறீர்கள்?

நாலுகால்:
நாய் வளர்த்தால் இந்தச் சண்டையே வராது. அது வரவேற்கிறதா என்று யாரும் நிழல் வெட்டிப் பார்க்க வேண்டாம்.

பஞ்சுமூட்டை:
உங்களை யார் கூப்பிட்டார்கள்? பூனை என்று எழுதினாலே நாய்க்காரர்கள் மோப்பம் பிடித்து வந்துவிடுகிறீர்கள்.

நாலுகால்:
ஜப்பானில் அட்சுகோ சைட்டோ 2013-இல் வெளியிட்டதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். வளர்ப்பவரின் குரலையும் அந்நியர் குரலையும் பதிவு செய்து ஒலிக்கவிட்டார்கள். பூனைக்கு வளர்ப்பவரின் குரல் தெரிந்தது. காதைத் திருப்பியது, தலையைத் திருப்பியது. எழுந்து மட்டும் வரவில்லை.

கறார்:
நன்றி, நாலுகால். கிண்ணச் சத்தம் கேட்கவில்லை, வரவில்லை.

சாம்பல்மீசை:
ஆளே இல்லாமல் குரல் மட்டும் வந்தால் எழுந்து ஓட அது நாயா? இத்தாலியில் கஃபாட்சோவும் நதோலியும் ஒரு பூனைக் கூட்டத்தைக் கவனித்து 2009-இல் எழுதியிருக்கிறார்கள். தாழ்ந்த நிலையில் உள்ள பூனைகள்தான் உயர்ந்த நிலையில் உள்ளவற்றிடம் அதிகமாக வால் தூக்கின. சண்டைக்கு வரவில்லை, பழக வருகிறேன் என்று தூரத்திலிருந்தே காட்டுகிற சைகை அது. குட்டிகளும் தாயிடம் வாலைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுகின்றன.

கறார்:
தாயிடம் எதற்கு ஓடுகின்றன? பாலுக்கு! நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். இல்லை, பூனை உங்களைத் தலைவராக ஏற்றுக்கொண்டது என்கிறீர்களா? அந்த ஆசை வேறு இருக்கிறதா?

மணிச்சத்தம்:
மன்னிக்கவும், இன்னொன்று. மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுகிறது. தடவலாமா?

சாம்பல்மீசை:
வேண்டாம். காட்டுவது நம்பிக்கையால். தடவ அழைக்கவில்லை. கை வைத்தால் நாலு காலாலும் பிடித்துக்கொள்ளும். தலையைத் தடவுங்கள், போதும்.

கறார்:
நம்பிக்கையாம், ஆனால் பிறாண்டுமாம். இவர்தான் பூனை மொழிக்கு உரையாசிரியர்.

சாம்பல்மீசை:
பூனையை வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டச் சொன்னவரிடம் நான் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. அந்தப் பதிவை ஏன் நீக்கினீர்கள் என்பதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கறார்:
நீக்கவில்லை, திருத்தினேன். "வாரம் ஒருமுறை" என்று நான் எழுதவே இல்லை.

பஞ்சுமூட்டை:
எழுதினீர்கள். நான் படித்தேன்.

கறார்:
படம் பிடித்து வைத்திருந்தால் போடுங்கள். இல்லையென்றால் கிண்ணத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

சாம்பல்மீசை:
படம் இருக்கிறது. தேடிப் போடுகிறேன். அதற்குள் இன்னொரு முறை திருத்திவிடாதீர்கள்.