புதுப்பிப்பு: கடற்கரை வீடு கிடைத்தது, ஆனால் சிங்கப்பூரில் இல்லை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: அத்தை மாமா, பிள்ளைகள் என எல்லாரும் ஒன்றாகத் தங்க, சத்தமில்லாத, கொஞ்சம் வசதியான கடற்கரை வீடு வேண்டும் என்று. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

சிங்கப்பூரின் செந்தோசா தீவில், செந்தோசா கோவ் என்ற கடலோரக் குடியிருப்பில் ஒரு பங்களாவை வார இறுதிக்கு மட்டும் தருகிறேன் என்று ஒரு முகவர் ஆசை காட்டினார். சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது, 2017லிருந்து அதுதான் சட்டம். அதைச் சொன்னதும் மனிதர் காணாமல் போய்விட்டார், சரி, போகட்டும்.

கடைசியில் பக்கத்தில் இருக்கும் இந்தோனேசியத் தீவு பிந்தான்தான். அங்கே லகோய் பக்கம் பெரிய ஓட்டல்கள் அதிகம், நமக்கு அது வேண்டாம் என்று கிழக்குக் கரையில் திரிகோராவில் ஒரு தனி வில்லா பார்த்தோம், நீச்சல் குளம் உண்டு, சமையலுக்கு ஆளும் உண்டு, ஆனால் நம் சாம்பார் பொடியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். டிசம்பரில் போகலாம் என்றுதான் மாமா பிடிவாதம் பிடித்தார். வடகிழக்குப் பருவக்காற்று நேரம், தென்சீனக் கடல் அந்தக் கரையில் நேராக வந்து அடிக்கும், படகிலேயே பாதிப் பேருக்கு வாந்தி வந்துவிடும் என்று சொல்லி ஏப்ரலுக்கு மாற்ற வைத்தேன்.

சிங்கப்பூரின் தானா மேரா முனையத்திலிருந்து பெர்ரி. பிந்தான் நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால், திரும்பும் டிக்கெட்டில் எந்த ஊர் நேரம் போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும், அத்தைக்கு அந்த வேலைதான் இன்னும் பாக்கி.