முன்வார்ப்பு பேனல் வீடு: இணைப்புகளில் நீர்க்கசிவைத் தடுக்க ஆலோசனை தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். தஞ்சாவூர் அருகே தரைத்தளமும் மாடியும் கொண்ட வீடு ஒன்றை, ஆலையில் வார்த்த காங்கிரீட் பேனல்களைக் கொண்டு கட்டித் தரும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் இம்முறையில் எழுப்பப்பட்டு 2022 மே மாதம் திறக்கப்பட்டன. ஆனால் ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான பேனல்களை வார்க்கும்போது கிடைக்கும் சிக்கனம் ஒற்றை வீட்டுக்குக் கிடைக்காது. அதை உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார் (காங்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள் கிடைக்காமல் முன்பு அவர் பட்ட பாடு அப்படி).

என் கவலை இணைப்புகளைப் பற்றியது. சென்ற ஆண்டு நான் பார்த்த ஒரு கட்டடத்தில், இரு பேனல்களுக்கு இடையிலான செங்குத்து இடைவெளியில் நிரப்பிய சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) ஒரு பக்கம் உரிந்து, ஐப்பசி மழையில் உட்புறப் பூச்சு ஒரு சாண் அகலத்துக்கு ஊறிப்போயிருந்தது. சுரண்டிப் பார்த்தபோது பின்புறம் பேக்கர் ராடே (சீலன்டுக்குப் பின்னால் இடைவெளியில் செருகும் நுரைக் கயிறு) வைக்கப்படவில்லை. வெளிச்சுவருக்குப் பாலியூரித்தேன், சிலிக்கோன் என்ற இவ்விரண்டு வகை சீலன்ட்களில் எது நம் வெயிலில் நீடித்தது, எத்தனை ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருந்தது என்பதைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

பதினைந்து அடித் தெருவில் கிரேனை நிறுத்திப் பேனல்களை ஏற்றியவர்கள் இருந்தால், குறுக்கே செல்லும் மின்கம்பிகளை எவ்வாறு சமாளித்தீர்கள் என்பதையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.